செட்டிநாட்டிலிருந்து மழைக்காட்டுக்கு: அருவிப் பாதையில் முதன்முறை நடக்கச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து மக்களுக்கு நடை புதிதன்று. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு புறப்பட்டுப் பழனி வரை நடந்தே செல்லும் கூட்டத்தில் வயது முதிர்ந்த ஆச்சிகளும் இருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குள் வழிகாட்டியோடு நடந்துவர ஆசைப்படும் நம் ஊர்க்காரர்கள் பலர், பாதையின் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே" என்று போதிய ஆயத்தமின்றிக் கிளம்பிவிடுகிறார்கள். தார்ச்சாலையிலும் செம்மண் தடத்திலும் பழகிய கால்களுக்கு மழைக்காட்டில் தூரம் ஒரு பொருட்டில்லை. வழுக்குப் பாறை, ஊறிய இலைச் சருகு, பாதையின் குறுக்கே புடைத்து நிற்கும் வேர், விடாமல் ஏறும் அட்டை, உடலைவிட்டு உலராத வியர்வை என ஈரம்தான் அங்கே ஆளை அசத்தும். இந்த ஈரத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்பதை, பயணத்தைத் திட்டமிடுவதிலிருந்து வீடு திரும்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

காலத்தையும் காட்டையும் தேர்ந்தெடுத்தல்

முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். நமக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். கண்மாயும் ஊருணியும் நிறைவது வடகிழக்குப் பருவமழையால். மலையின் மேற்குப் பக்கத்துக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே முதன்மையானது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் அந்தக் காற்று, மலை குறுக்கே நிற்பதால் மேலெழும்பிக் குளிர்ந்து அங்கேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. சிவகங்கைச் சீமைக்கு வந்து சேரும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. ஆகவே நம் ஊரில் ஆடிக் காற்று புழுதி கிளப்பும் நாட்களில், வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு போன்ற இடங்களில் நாள் முழுவதும் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் அருவி பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் புதியவர்கள் காட்டுப் பாதையில் நடப்பதற்கு அது உகந்த காலமன்று. பல பாதைகள் அப்போது மூடியும் இருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் சித்திரை வரை தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடிவிடுவார்கள். முதன்முறை செல்பவர்கள் ஆனைமலைப் பகுதிக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் ஒரு நாளைக் குறிப்பது நல்லது. ஓடைகளில் நீர் இருக்கும், பாதையும் ஓரளவு காலூன்ற இடம்கொடுக்கும்.

அடுத்தது இடம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று அவை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. பசுமைமாறா மழைக்காட்டை உள்ளே சென்று பார்க்க விரும்புவோர், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் வால்பாறையை ஒட்டிய மானாம்பள்ளிப் பாதையையோ, கன்னியாகுமரி மாவட்டத்தின் காளிகேசம்–பாலமோர் பாதையையோ எண்ணிப் பார்க்கலாம். சிறுவர்களோடு செல்பவர்களும், மலையே பழகாதவர்களும் தேனி மாவட்டத்தின் சின்னச்சுருளிப் பக்கத்தில் தொடங்கலாம். மேகமலை அடிவாரமான அது சற்று வறண்ட காடுதான்; ஆனாலும் அருவி உண்டு, மதுரை வழியாக நமக்குப் பக்கமும்கூட. திருப்புவனம், மானாமதுரை வழியே நம் மாவட்டத்தில் ஓடும் வைகைக்கு அந்த மலைத்தொடர்தான் பிறப்பிடம் என்பதால் எனக்கு அந்தப் பக்கத்தின்மீது ஒரு தனிப் பற்றும் உண்டு.

அனுமதியும் வழிகாட்டியும்

வழிகாட்டி இல்லாமல், அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளைத் தமிழக அரசு வகுத்தது அதன் பின்னரே. இன்றும் சமூக ஊடகங்களில், "எங்களோடு வாருங்கள், ரகசிய அருவியைக் காட்டுகிறோம்" என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் வனத்துறையின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். காட்ட மறுத்தாலோ, "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சமாளித்தாலோ அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள்.

இணையத்தில் பதிவு செய்யும்போது அடையாள அட்டை விவரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், உடல்நிலை பற்றிய உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். உடல்நிலை பற்றி உண்மையை எழுதுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு, மூட்டுவலி ஆகியவற்றை மறைத்துவிட்டுப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், நான்கு பேர் தூக்கிச் சுமந்து இறக்க வேண்டியிருக்கும். காட்டுக்குள் ஆம்புலன்ஸ் வராது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை அழைத்துச் செல்வதானால் பெற்றோர் ஒப்புதல் தொடர்பான விதியைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கூடும் இடம், நேரம், உணவு தருவார்களா, மழை வந்து பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பவற்றையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களும், காட்டோரக் கிராமத்துக்காரர்களும் ஆவர். ஆனைமலையில் காடர், மலசர், முதுவர் முதலிய சமூகங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சந்தித்தவுடன் பெயரைக் கேட்டு, வயதுக்கேற்ப 'அண்ணே' என்றோ 'தம்பி' என்றோ அழைத்துப் பேசத் தொடங்குங்கள். பிறகு அவர் சொல்லும் எச்சரிக்கை புரியாவிட்டால் நம்மவர்கள் கூச்சமில்லாமல் திரும்பக் கேட்பார்கள். ஏதாவது உடல் தொல்லை என்றாலும் தயங்காமல் அவரிடம் சொல்வார்கள்.

உடலைப் பழக்குதல்

பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். கல்லூரிச் சாலையிலோ கண்மாய்க் கரையிலோ காலையில் நடப்பது மூச்சுக்கு நல்லது; ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லாத பயிற்சி மலைக்கு உதவாது. முதலில் குன்றக்குடி மலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுங்கள். பிறகு சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலைக்குச் செல்லுங்கள். பாரி வள்ளலின் பறம்பு மலை என்று சொல்லப்படும் அந்த மலையின் பாறைத் தடம், காலை எங்கே வைப்பது என்று பார்த்து நடக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழங்காலைச் சோதிப்பது இறக்கம். ஆகவே இறங்குவதை மெதுவாக, உடம்பைச் சற்று முன்சாய்த்து, முழங்காலை விறைக்க விடாமல் பழகிக்கொள்ள வேண்டும். காட்டுக்குப் போட்டுச் செல்லவிருக்கும் காலணியோடுதான் இந்தப் பயிற்சி முழுவதையும் செய்ய வேண்டும். புதுக் காலணியைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே காட்டில் போடுபவருக்கு மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

உடையும் பையும்

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் ஊர் வெயிலுக்கு அது சரியும்கூட. மழைக்காட்டில் பருத்தி நனைந்தால் நாள் முழுவதும் உலராது; உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரெடுக்க வைக்கும், தொடையிடுக்கில் உராய்ந்து புண்ணாக்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம். விளையாட்டு வீரர்கள் அணியும், சீக்கிரம் உலரும் மெல்லிய செயற்கை இழைத் துணியில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேட்டி, சேலை, துப்பட்டா எதுவும் வேண்டாம். பச்சை, பழுப்பு, சாம்பல் போன்ற மங்கிய நிறங்கள் போதும். சென்ட்டும் மல்லிகைப்பூவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

காலணியின் அடிப்பகுதியில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். தேய்ந்த பழைய காலணியை எடுத்துச் செல்லக் கூடாது. அதோடு அட்டைக் காலுறை கட்டாயம் தேவை. சாதாரணக் காலுறைக்கு மேலே, கால்சட்டையையும் உள்ளே செருகி, முழங்காலுக்குக் கீழே நாடா போட்டுக் கட்டும் நெருக்கமான துணிப் பை அது. இணையத்திலும், மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும்.

முதுகுப் பை சிறியதாக இருந்தால் போதும். உள்ளே ஒரு தடித்த நீர்புகாப் பையை விரித்து, அதற்குள் மாற்றுத் துணி, காலுறை, துண்டு, கைப்பேசி, அடையாள அட்டை ஆகியவற்றை வைத்துக் கட்டிவிட்டால் எந்த மழையும் ஒன்றும் செய்யாது. குடை வேண்டாம், கிளைகளில் மாட்டும், ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். தலையோடு போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், கட்டுத்துணி, டார்ச், விசில் ஆகியவை இருந்தால் பை முழுமையாகிவிடும்.

தின்பண்ட விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பாசிப்பருப்பு மாவுருண்டை கைக்கடக்கமானது, கெடாது, உடனே தெம்பு தரும்; ஏற்றத்தில் சோர்ந்தவருக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள். தேன்குழலும் சீப்புச்சீடையும் நா வறள வைக்கும். அவற்றை வண்டியில் தின்னலாம். மதியத்துக்குப் புளியோதரையை எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொள்ளலாம். நெகிழிப் பை, பாக்கெட் எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

முந்தைய நாள்

வால்பாறைக்குச் செல்பவர்களுக்கு வழி புதிதில்லை. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழனி என்று பெரும்பாலும் பாதயாத்திரைத் தடத்திலேயே சென்று, உடுமலை, பொள்ளாச்சி கடந்து ஆழியாற்றில் மலையேற வேண்டும். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். இரவெல்லாம் வண்டியில் வந்து விடியற்காலையில் நேரே நடக்கத் தொடங்குவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். தூக்கம் கெட்ட காலே முதலில் வழுக்கும். முதல் நாள் மாலைக்குள் மலைக்கு மேலே சென்று தங்கி, நேரத்தோடு உறங்குங்கள். செல்லும் பாதை, வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். காட்டுக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது என்பதையும் சொல்லிவிட்டால் வீட்டார் பதற மாட்டார்கள்.

காட்டுக்குள் நடத்தல்

புறப்படும் முன் வழிகாட்டி பேசும் சில நிமிடங்களைக் கவனமாகக் கேளுங்கள். ஒருவர் முன்னால் செல்வார், பெரும்பாலும் இன்னொருவர் பின்னால் வருவார். அந்த இருவருக்கும் நடுவில்தான் உங்கள் இடம். முன்னால் செல்பவரைத் தாண்டக் கூடாது; சிறுநீர் கழிக்கக்கூடச் சொல்லாமல் ஒதுங்கக் கூடாது. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவர் வேகத்துக்கு மற்றவர்கள் நடப்பதே சரியான முறை.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறையும். தலைக்கு மேலே மரங்கள் பல அடுக்காக நிற்பதால் நண்பகலிலும் அந்தி போலத்தான் இருக்கும். கண் பழகும் வரை நின்று, பிறகு நடங்கள். ஈரமான வேரின் மேல் மிதிக்காதீர்கள், தாண்டி வையுங்கள். பாறையில் சொரசொரப்பான சாம்பல் நிறப் பகுதி காலைப் பிடிக்கும். கறுத்தோ பசுமை படர்ந்தோ மினுங்கும் பகுதி நிச்சயம் வழுக்கும். பாதம் முழுவதும் பதியும்படி சிறு சிறு எட்டாக வைத்து, ஒரு கால் உறுதியாக நின்ற பின்னரே அடுத்த காலை எடுக்க வேண்டும். தடுமாறும்போது பக்கத்துச் செடியைப் பிடிப்பது இயல்பு. ஆனால் முள்ளும், செந்தட்டி போலச் சுணையுள்ள இலையும், கிளையோடு கிளையாகச் சுருண்டிருக்கும் பச்சைக் குழிவிரியனும் அங்கே இருக்கலாம். ஆகவே பார்க்காமல் கை வைக்கக் கூடாது. வழிகாட்டி வெட்டித் தரும் கைத்தடியை ஊன்றிக்கொள்ளுங்கள்.

அட்டையைப் பற்றி அஞ்சுவோர் மிகுதி. அது விஷமுள்ளதன்று. தரையிலும் தாழ்ந்த இலைகளிலும் நூலிழை போல நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். நம் அசைவையும் சூட்டையும் அறிந்து ஏறும். நிற்கும் இடத்தில்தான் அதிகம் ஏறும் என்பதால், ஈரச் சருகில் நின்று கதை பேசாமல் பாறை மீதோ வெளிச்சமான இடத்திலோ ஓய்வெடுங்கள். அங்கே ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் அதன் வாய்ப்பக்கம். அந்த இடத்தில் தோலை ஒட்டி விரல்நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடலாம். தோலில் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்போ தீயோ வைத்தால், உறிஞ்சியதைக் காயத்திலேயே அது கக்கிவிடக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை செலுத்திவிடுவதால், வெகுநேரம் கசிந்துகொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், கழுவித் துணியால் அழுத்திக் கட்டினால் போதும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் மட்டும் இதைப் பற்றி முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

யானை வேறு விஷயம். பாதையில் யானைப் பிண்டம் கிடந்தால் வழிகாட்டி குனிந்து புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பதைக் காண்பீர்கள். சூடு இருந்தால், மேலே ஈரம் மினுங்கினால், மூங்கில் நார் இன்னும் பசுமையாக இருந்தால், யானை பக்கத்தில்தான் நிற்கிறது என்று பொருள். அவர் சற்று மண்ணைக் கிள்ளிக் கீழே விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். நம் வாடை யானையின் பக்கம் செல்லாத திசையில் கூட்டத்தைத் திருப்புவார், அல்லது வந்த வழியே திரும்பச் சொல்வார். அந்த நேரத்தில், "இவ்வளவு தூரம் வந்தோமே, அருவியைப் பார்க்காமலா" என்று யாரும் வாதிடக் கூடாது. கையசைத்தால் நிற்க வேண்டும், வாயில் விரல் வைத்தால் மூச்சுகூட மெல்ல விட வேண்டும். காட்டுமாடும் கரடியும் அப்படித்தான். விலகிப் போக இடம் கொடுத்தால் அவை விலகிப் போய்விடும்.

அமைதியாக நடப்பவர்களுக்குக் காடு நிறையக் காட்டும். தலைக்கு மேலே நீராவி இயந்திரம் போலப் புஸ் புஸ்ஸென்று ஒலி கேட்டால் அண்ணாந்து பாருங்கள். இருவாச்சிப் பறவை இறக்கையை அடித்துக்கொண்டு போகும். வெடிப்பலா மரத்தடியில் முள்காய்த் தோடுகள் சிதறிக் கிடந்தால், மேலே சிங்கவால் குரங்குகள் தின்றுகொண்டிருக்கக்கூடும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் குரங்கு அது. மாவுருண்டையைக் காட்டி அதைக் கீழே இறக்க முயலாதீர்கள். மனிதரின் உணவுக்குப் பழகிய குரங்கு சாலைக்கு வந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

ஓடையும் அருவியும்

ஓடையைக் கடக்கும்போது காலணியைக் கழற்றாதீர்கள். வெறுங்காலில் கூழாங்கல் இடறும். முதுகுப் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தாலும் பையை உதறிவிட்டு எழலாம். நீர் வரும் திசையைச் சற்றே எதிர்நோக்கி, தடியை ஊன்றி, பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் புதியவர்கள் இறங்கவே கூடாது.

குற்றாலத்தில் குளித்த பழக்கத்தில், அருவி என்றாலே நேரே அடியில் போய்த் தலையைக் கொடுக்கலாம் என்று நினைப்போம். குற்றாலத்தில் கம்பியும் காவலும் உண்டு. காட்டருவியில் எதுவும் இல்லை. உயரத்திலிருந்து நீரோடு கல்லும் கட்டையும் வரும். விழும் இடத்துக் குழியின் ஆழம் மேலிருந்து தெரியாது. அங்கே சுழலும் நீர் நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். வழிகாட்டி காட்டும் ஆழமற்ற ஓரத்தில் மட்டும் நனையுங்கள். பல பாதைகளில் குளிக்கவே அனுமதி இல்லை, அதை மதியுங்கள். அருவியின் உச்சிக்குப் போய் எட்டிப் பார்ப்பதும், விளிம்புப் பாறையில் நின்று படம் எடுப்பதும் உயிரைப் பணயம் வைப்பது. எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு எதுவும் அந்த நீரில் படக் கூடாது. கீழே ஓடையில் தவளையும் மீனும் வாழ்கின்றன, அதற்கும் கீழே ஊர்கள் அதே நீரைக் குடிக்கின்றன.

இதையெல்லாம்விட முக்கியமானது திடீர் வெள்ளம். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில், மலைமேல் பெய்த மழையால் நொடிகளில் பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று பலிகொண்டது. கம்பியும் காவலும் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், காட்டுக்குள் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேலே சில கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டும் மழையே போதும். தெளிந்த நீர் கலங்கிப் பழுப்பேறுவது, இலையும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வருவது, அருவியின் ஓசை கனத்துக் கேட்பது, சற்று முன் வெளியே தெரிந்த ஒரு கல் நீருக்குள் மறைவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், துண்டையும் செருப்பையும் தேடாமல் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள். குழந்தைகளோடு வந்தவர்கள், நீரில் இறங்கும் முன்பே எந்தப் பக்கம் ஏறி ஓடுவது என்று காட்டி வைத்துவிட வேண்டும். ஓடை பெருகி வழி அடைபட்டுவிட்டால் கடக்க முயலாமல் வடியும் வரை காத்திருப்பார்கள். இருட்டினாலும் சரி, வழிகாட்டியோடு காத்திருங்கள்.

திரும்பிய பின்

நடந்து முடித்ததும் ஈர உடையை மாற்றி, அக்குள், இடுப்பு, காது மடலின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டை கடித்த இடம் சில நாட்கள் அரிக்கும். சொறியாமல் சுத்தமாக வைத்திருந்தால் ஆறிவிடும். காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோ, கடும் தலைவலியோ, உடம்பில் கறுத்த பொருக்குப் புண்ணோ தோன்றினால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். புதரில் வாழும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வரக்கூடும். உரிய மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் எளிதில் குணமாகும். நம் ஊர் மருத்துவருக்கு நீங்கள் காட்டுக்குச் சென்றது தானாகத் தெரிய வாய்ப்பில்லை. எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் சென்றுவந்தீர்கள் என்பதை அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.